டிவியில் கிரிக்கெட் கேம்: மட்டையைப் பிடிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

கிரிக்கெட் கேம் ஒன்றை வாங்கி, லேப்டாப்பை வரவேற்பறை டிவியில் இணைத்து, கேம்பேடைக் கையில் பிடித்து, வேகப்பந்து வரும்போதெல்லாம் ஸ்டம்பைப் பறிகொடுத்துவிட்டு, "நமக்கு வயதாகிவிட்டது, இனி இதெல்லாம் சரிப்படாது" என்று ஒதுங்கிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் ஒதுங்கத்தான் இருந்தேன். அதற்குள் நாலாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான பணம் வீணாகக் கரைந்தது. ஒரு கோடைக்காலத்தின் மாலைப் பொழுதுகளும் கூடவே போயின. "முதலில் டிவியில் கேம் மோடை ஆன் செய்" என்று யாராவது சொல்லியிருந்தால் இரண்டுமே மிஞ்சியிருக்கும். யாரும் சொல்லவில்லை. வீட்டில் இந்த விஷயத்தைப் பேச ஆளும் கிடையாது. நாற்பது வயதில் வீடியோ கேமில் டக் அவுட் ஆகிறேன் என்று அலுவலகத்தில் போய்ச் சொல்ல முடியுமா?

என் தலைமுறைக்குக் கிரிக்கெட் கேம் என்றால் ஈஏ நிறுவனத்தின் கிரிக்கெட் 07தான். 2006 நவம்பரில் வந்தது. நான் படித்த காலத்தில் திருச்சியில் பிரவுசிங் சென்டர் கணினிகளில் தவறாமல் இருக்கும். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து அணிகளுக்கு மட்டும் உண்மைப் பெயர்கள். நம் அணி வீரர்கள் எல்லாரும் எழுத்து மாறிய பெயர்களோடு ஆடுவார்கள். ரசிகர்கள் செய்த பேட்ச் என்ற திருத்தக் கோப்பைப் போட்ட பிறகுதான் அவர்கள் நம் வீரர்கள் ஆவார்கள். வலது கை அம்புக்குறிகளில், இடது கை நான்கைந்து எழுத்துகளில். பந்து விழப்போகும் இடத்தைக் காட்டும் குறி தரையில் தெரிந்ததும் திசையையும் ஷாட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திவிட வேண்டியது. அந்தக் கேமிலேயே கேம்பேடில் கட்டைவிரலால் தள்ளும் இரண்டு ஸ்டிக்குகளாலும் ஆடும் செஞ்சுரி ஸ்டிக் என்ற முறை இருந்தது. ஆனால் மணிக்கு இருபது ரூபாய் சென்டரில் கேம்பேடுக்கு எங்கே போவது? பிறகு வேலை, பஸ் பயணம், கைபேசி. சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா உருவாக்கிய வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 2-ஐ அலுவலகம் போகும் வழியெல்லாம் ஆடியிருக்கிறேன். அதில் டைமிங் காட்டும் பட்டை உண்டு. என் கண் பந்தைவிட அந்தப் பட்டையைத்தான் அதிகம் பார்த்தது. ஆகப் பழகிப்போனது இரண்டு: தரையில் குறியைப் பார்ப்பது, எல்லாவற்றையும் சேர்த்து அழுத்துவது. கேம்பேடுக்கு இரண்டுமே ஆகாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிரிக்கெட் 22 வாங்கியது ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் தள்ளுபடி வந்தபோது. மெல்போர்னின் பிக் ஆன்ட் ஸ்டூடியோஸ் செய்தது, ஆஷஸ் தொடரின் அதிகாரப்பூர்வ கேம். இவர்கள் 2014-இல் டான் பிராட்மேன் கிரிக்கெட் 14 வெளியிட்ட நாளிலிருந்தே மட்டையடிக்கு இரண்டு ஸ்டிக் முறையை வைத்திருக்கிறார்கள்: இடது ஸ்டிக் காலுக்கு, வலது ஸ்டிக் மட்டைக்கு. வாங்கிய அன்று நேராக ஆடப் போகாமல் என்னைப் போலவே ஒரு ஆட்டக்காரனை உருவாக்க உட்கார்ந்தேன். மூக்கு, மீசை, ஹெல்மெட், மட்டையின் ஸ்டிக்கர் என்று நேரம் போனதே தெரியவில்லை. இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மீசை வரைந்த நேரமும் அந்த 2 மணியில் சேர்த்திதான். எனவே முதல் அரைமணியில் உங்கள் கணினியில் கேம் தடங்கலின்றி ஓடுகிறதா, கேம்பேடின் எல்லாப் பொத்தான்களும் வேலை செய்கின்றனவா, திரைக்கும் கைக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மீசை எங்கும் ஓடிப்போகாது.

பிறகு ஆட ஆரம்பித்தேன். அதை ஆட்டம் என்று சொல்வது மரியாதைக்காக. வேகப்பந்து வீச்சாளர் ஓடி வருவார், பந்து விழும், நான் ஸ்டிக்கைத் தள்ளுவேன், ஸ்டம்ப் சிதறிய பிறகு மட்டை ஆற அமரச் சுழலும். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் டைமிங் எப்படி, கால் நகர்வு எப்படி என்று திரையில் சிறு குறிப்பு வரும். எனக்கு எப்போதும் ஒரே தீர்ப்பு: தாமதம். சரி, முன்கூட்டியே அடிப்போம் என்று பந்து கையை விட்டுக் கிளம்பியதுமே ஸ்டிக்கைத் தள்ளினேன். டைமிங் ஓரளவு சரியானது. ஆனால் பந்து எங்கே விழப்போகிறது என்று தெரியும் முன்பே ஷாட்டை முடிவு செய்தாக வேண்டியிருந்தது. ஷார்ட் பந்துக்கு டிரைவ், யார்க்கருக்கு புல் ஷாட். சுழற்பந்து வந்தால் இன்னும் மோசம். மட்டை சுழன்று முடிந்து, நான் பெருமூச்சு விட்டு, அதன் பிறகு பந்து வந்து சேரும். அந்த நாட்களில் எனக்கு வந்தது எரிச்சல் மட்டுமில்லை, கொஞ்சம் பயமும். கண்ணும் கையும் உண்மையிலேயே மெதுவாகிவிட்டனவோ என்று வண்டி ஓட்டும்போதுகூட நினைத்துக்கொண்டேன்.

பழியை முதலில் கேம்பேடின் மேல் போட்டேன். அதில் பாதி உண்மையும் இருந்தது. 1,350 ரூபாய்க்கு வாங்கிய பெயர் தெரியாத வயர்லெஸ் கேம்பேடு. முதலில், அதன் பின்பக்கத்து டிரிக்கர்களைக் கேம் சரியாக அடையாளம் காணவில்லை. விலை குறைந்த கேம்பேடுகள் பலவற்றில் கணினியோடு பேச டைரக்ட்இன்புட், எக்ஸ்இன்புட் என்று இரண்டு முறைகள் உண்டு. புதிய கேம்கள் பெரும்பாலும் எக்ஸ்இன்புட்டை எதிர்பார்ப்பவை. பழைய கேம்கள் பல டைரக்ட்இன்புட்டில் ஓடுபவை. பின்னால் ஒரு சிறு சுவிட்சோ, நடுவில் உள்ள பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடிப்பதோ போதும், முறை மாறிவிடும். பெட்டியில் இருந்த துண்டுக் காகிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். "சார், அது உங்கள் கேம் பிரச்சினை" என்றார்.

அடுத்தது ஸ்டிக்கில் வந்த கோளாறு. தொடாமலே பேட்ஸ்மேன் மெல்ல லெக் சைடுக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தான். ஆஃப் ஸ்டம்பைத் திறந்து காட்டிவிட்டு நிற்பான், பந்து அமைதியாக உள்ளே போகும். விலை குறைந்த ஸ்டிக்குகளுக்குள் ஒன்றோடொன்று உரசும் பாகங்கள் உண்டு. தேய்ந்தால் கை வைக்காதபோதும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாகக் கணினிக்குச் சொல்லும். இதைச் சோதிக்க எந்த மென்பொருளும் வேண்டாம். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றி அடித்தால், இணைந்திருக்கும் கேம்பேடுகளின் பட்டியல் வரும். அதன் பண்புகளில் ஒரு கட்டமும் நடுவில் ஒரு கூட்டல் குறியும் தெரியும். கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கூட்டல் குறி நடுவில் நிற்காமல் நடுங்கினாலோ ஓரம் போனாலோ ஸ்டிக் போய்விட்டது என்று பொருள். கொஞ்சமாக இருந்தால் ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பில் டெட் ஸோனை, அதாவது சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் நடுப்பகுதியை, கூட்டிச் சமாளிக்கலாம், ஆனால் நுணுக்கமான கால் நகர்வு மழுங்கிவிடும். அடுத்து வாங்கும்போது காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன், 3,900 ரூபாய். அதில் உரசும் பாகம் இல்லாததால் இந்தத் தேய்மானம் இல்லை. அந்தச் செலவு எனக்கு வருத்தமில்லை. முதல் கேம்பேடு மட்டும் குப்பை.

புதிய கேம்பேடு வந்தும் தீர்ப்பு மாறவில்லை: தாமதம், தாமதம், தாமதம். இந்தக் கட்டத்தில்தான் "கேமிங்" என்று பெயர் போட்ட எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். தங்க முலாம், பின்னல் உறை, பெட்டியில் ஒரு டிராகன் படம். கேபிள் மாற்றினால் படம் விட்டுவிட்டு வருவது நிற்கலாம், அதிகத் தெளிவுத்திறனும் கிடைக்கலாம். மின் சைகை கேபிளில் போய்ச் சேரும் நேரமோ கணக்கில் எடுக்கவே முடியாத அளவு சிறியது; அதைக் குறைக்க டிராகனாலும் ஆகாது. அதற்குப் பிறகும் விடாமல், லேப்டாப்பில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு சர்வீஸ் கடையில் 600 ரூபாய் கொடுத்தேன். தூசி தட்டிக் கொடுத்தார்கள்.

விஷயம் பிடிபட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா குடும்பத்தோடு வந்திருந்தபோது. வரவேற்பறையில் எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் லேப்டாப்பைப் படுக்கையறைக்கு எடுத்துப்போய் அதன் திரையிலேயே ஆடினேன். இரண்டாவது பந்தில் கவர் டிரைவ், பவுண்டரி. குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அடுத்த ஓவரில் ஒரு புல் ஷாட்டும் மாட்டியது. கூடவே வந்து உட்கார்ந்திருந்த அக்கா மகன், "மாமா, டிவியில் ஆடும்போது இப்படி அடிக்கவே மாட்டீர்களே" என்றான். அன்று இரவு அவர்கள் கிளம்பிய பிறகு கைபேசியின் ஸ்லோ மோஷனை எடுத்தேன். கேம்பேடையும் திரையையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து, வினாடிக்கு 240 படங்கள் வேகத்தில் பதிவு செய்து, கட்டைவிரல் அசைந்த படத்திலிருந்து மட்டை அசையத் தொடங்கிய படம் வரை எண்ணினேன். லேப்டாப் திரையில் இருபதை ஒட்டி வந்தது. டிவியில் நாற்பத்தைந்துக்கு மேல். ஒரு படம் என்பது ஏறத்தாழ 4 மில்லிவினாடி. அப்படியானால் டிவி மட்டும் கூடுதலாக விழுங்கியது 100 மில்லிவினாடி.

வினாடியில் பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து வினாடிக்கு சுமார் 39 மீட்டர் போகிறது. 100 மில்லிவினாடியில் கிட்டத்தட்ட 4 மீட்டர். ஆடுகளத்தின் மொத்த நீளமே 22 கஜம், அதாவது 20 மீட்டர் சொச்சம். பந்து வீச்சாளரின் கையை விட்டு மட்டைக்கு வர அரை வினாடிகூட ஆகாது. அதில் ஐந்தில் ஒரு பங்கை டிவி எடுத்துக்கொள்கிறது. நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்த பந்து ஏற்கெனவே 4 மீட்டர் கடந்து போன பந்து. இதில் வயதுக்கு என்ன வேலை?

காரணம் எளிமையானது. இன்றைய டிவிகள் வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. அசைவை வழவழப்பாக்குவது, இரைச்சலைக் குறைப்பது, நிறத்தைக் கூட்டுவது என்று பல வேலைகளைச் செய்துவிட்டுத்தான் திரைக்கு அனுப்புகின்றன. சினிமா பார்க்கும்போது ஒலியும் அதே அளவு தள்ளி வருவதால் நமக்குத் தெரியாது. கேமில் கை முந்திவிடுவதால் தெரிகிறது. கேம் மோடு இந்த வேலைகளில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். சில டிவிகளில் இது ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டியது. லேப்டாப்பை வேறு துளையில் மாற்றிச் செருகினால் பழையபடி ஆகிவிடும், கவனம். மெனுவில் கேம் மோடு தென்படாவிட்டால், அந்த உள்ளீட்டின் பெயரைப் பிசி என்று மாற்றிப் பாருங்கள். பல டிவிகளில் அதுவே படச் செயலாக்கத்தை நிறுத்திவிடும். அதுவும் இல்லையென்றால் அசைவை வழவழப்பாக்கும் வசதியை மட்டுமாவது அணையுங்கள். அதுதான் பெரிய திருடன். டிவியே வாங்கப் போகிறவர்கள், கேம் தொடங்கியதும் தானாகவே குறைந்த தாமதத்துக்கு மாறும் ஏஎல்எல்எம் வசதி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்கலாம். மீதித் தாமதத்தைக் கேம்பேடை வயரில் இணைத்தும், பார்வையாளர் கூட்டம், நிழல் போன்ற அமைப்புகளைக் குறைத்து வினாடிக்கு 60 படங்கள் நிலையாக வரும்படி செய்தும் கழிக்கலாம். நிலையாக என்பதுதான் முக்கியம். ஒரு பந்துக்கு 60, அடுத்த பந்துக்கு 38 என்று ஊசலாடினால் எந்தக் கைக்கும் தாளம் பிடிபடாது.

கேம் மோடை ஆன் செய்ததும் சதமாகக் குவித்தேன் என்று நினைக்க வேண்டாம். தாமதம் போனது, விசைப்பலகைக் காலத்துப் பழக்கம் போகவில்லை. இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நொடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். இந்த முறையில் கால் முதலில், மட்டை பிறகு. மைதானத்தில் பயிற்சியாளர் சிறுவர்களுக்குச் சொல்வதும் இதுதான். பந்து கையை விட்டதும் நீளத்தை மட்டும் முடிவு செய்யுங்கள்: ஃபுல்லாக வந்தால் இடது ஸ்டிக்கை முன்னே, ஷார்ட்டாக வந்தால் பின்னே. அதைப் பிடித்தபடியே இருங்கள். எந்தப் பக்கம் அடிப்பது என்பதை வலது ஸ்டிக் கடைசியில் பார்த்துக்கொள்ளும். இதைப் பழக வலைப்பயிற்சிக்குப் போய் ஒரு ஷாட்கூட அடிக்காமல், காலை மட்டும் நகர்த்தி, பந்துகளை விட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்த என் மனைவி, "அடிக்கவே மாட்டீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சலிப்பான பயிற்சிதான். ஆனால் கண் தரையிலிருந்து எழுந்து வீச்சாளரின் கைக்குப் போனது இதில்தான்.

சுழற்பந்துக்கு வேறு கணக்கு. மணிக்கு 85 கிலோமீட்டரில் வரும் பந்து மட்டைக்கு வர முக்கால் வினாடி ஆகிறது. வேகப்பந்துக்குப் பழகிய விரல் அந்த உபரிக் கால் வினாடியைத் தாங்காது, முந்திக்கொண்டு போய்த் தூக்கிக் கொடுத்துவிடும். வேகமும் சுழலும் கலந்து பயிற்சி செய்யாதீர்கள். முதலில் ஒரே வீச்சாளரை, ஒரே நீளத்தில், அலுக்கும் வரை எதிர்கொள்ளுங்கள். கேமில் பந்தின் வேகத்தைத் தனியாகக் குறைக்க வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்; ஒட்டுமொத்தக் கடினநிலையை இறக்கிவிட்டால் கெட்ட டைமிங்குக்கும் ரன் கிடைத்து, தவறான தாளமே கையில் ஊறிவிடும்.

கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிவி ஒளிபரப்பைப் போல வீச்சாளரின் பின்னாலிருந்து பார்க்கும் கோணம் கண்ணுக்கு அழகு. ஆனால் அதில் வலது கை ஆட்டக்காரரின் ஆஃப் சைடு திரையின் இடப்பக்கம் இருக்கும். இடது கை ஆட்டக்காரர் வந்தால் அதுவும் மாறும். ஒற்றை ரன் ஓடி இருவரும் முனை மாறும் ஒவ்வொரு முறையும் மூளை ஒரு கணம் திகைக்கும். பேட்ஸ்மேனின் பின்னாலிருந்து பார்க்கும் கோணத்தில் பந்து உங்களை நோக்கியே வருவதால் நீளத்தைக் கணிப்பது எளிது. ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கமே பந்து போகும்.

தூக்கி அடிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எல்லாரும் அதற்காகத்தான் கேம் வாங்குகிறோம். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஃபீல்டர்கள் நிற்கும் வரைபடத்தைப் பாருங்கள். டி20 ஆட்டத்தில் முதல் 6 ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே 2 பேர்தான் நிற்க முடியும். அப்போது வட்டத்தின் தலைக்கு மேல் போனாலே போதும், சிக்ஸர் வேண்டியதில்லை. அதன் பிறகு 5 பேர் வரை வெளியே நிற்கலாம். அப்போது இடைவெளிகள் தரையில்தான் இருக்கும். அடிலெய்டு ஓவல் போன்ற மைதானத்தில் பக்கவாட்டு எல்லைகள் சின்னவை, நேர் எல்லை நீளம். அங்கே நேராகத் தூக்குவதைவிட கட், புல் ஆடுவது லாபம். இறங்கியதும் விளாசவும் வேண்டாம். புதிதாக வந்த ஆட்டக்காரருக்கு நம்பிக்கை அளவு குறைவாக இருக்கும். தடுத்தும் ஒற்றை ரன்கள் எடுத்தும் நிற்க நிற்க அது ஏறும், அதே ஷாட் பிறகு சுத்தமாகப் பாயும். எனக்கு இதில் பொறுமை வந்தது டெஸ்ட் ஆட்டங்களை ஆடிய பிறகு. இருபது ஓவருக்குள் பொறுமை கற்றுக்கொள்ள இடமில்லை.

இப்போது வேகப்பந்தில் அரைசதம் அடிப்பது அபூர்வமில்லை. லெக் ஸ்பின் மட்டும் இன்னும் கைக்கு அடங்கவில்லை. கூக்ளியைக் கையில் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்று தோற்று, இப்போதைக்கு முன்காலை நன்றாக நீட்டிப் பந்து விழுந்த இடத்திலேயே மட்டையை வைத்துத் தடுக்கிறேன். பந்து ஷார்ட்டாக விழுந்தால் மட்டும் பின்காலில் போய் ஆடுகிறேன். எல்பிடபிள்யூ கேட்கிறார்கள், ரிவ்யூவில் சில முறை தப்பிக்கிறேன், சில முறை போகிறேன். இதற்கு நல்ல வழி தெரிந்தவர்கள் சொன்னால் முயன்று பார்க்கிறேன். அதற்கு முன், உங்கள் டிவியில் கேம் மோடு எந்த மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதையும் டிவியின் மாடலோடு சேர்த்து எழுதுங்கள், அடுத்து வருபவருக்கு உதவும்.